நிறந்தீட்டும் தாளும் நாணற்பெட்டியும்

புலம்பெயர் நாடுகளில் எமது தேவாலயங்கள் நடத்தும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளிலிருந்து வீடு திரும்பும் சிறாரின் கைகளில் பெரும்பாலும் நிறந்தீட்டிய தாளொன்று இருக்கும். இது என்ன கதை என்று அப்பம்மா வினவினால், "பேபி, பாஸ்கெற்" என்ற இரு சொற்களோடு பிள்ளை தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிடுகிறது. குறை பிள்ளையினுடையதன்று. நிறந்தீட்டுவதற்குக் கதை தெரிய வேண்டியதில்லை. கோட்டுக்குள் நிறம் நின்றாற் போதும். சிறுவர் கைவேலை கதையைச் சொல்ல வைப்பதாக அமைய வேண்டும் என்பதே எமது கருத்து.

மோசேயின் கதையை எடுத்துக்கொள்வோம். யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தின் முதற் பத்து வசனங்களே அது. எபிரேயரின் ஆண்குழந்தைகளை ஆற்றில் எறியுமாறு பார்வோன் கட்டளையிட்டமை முந்திய அதிகாரத்தின் இறுதியில் வருகிறது. தாய் மூன்று மாதம் பிள்ளையை ஒளித்து வைக்கிறாள். அதற்குமேல் இயலாதபோது நாணற்பெட்டியொன்றுக்குப் பிசினும் கீலும் பூசி, பிள்ளையை அதில் கிடத்தி, ஆற்றோர நாணலுக்குள் வைக்கிறாள்.

இப்பெட்டியைப் பிள்ளைகளே இழைக்கட்டும். மண்ணிறக் கடதாசிப் பையை 2 சென்ரிமீற்றர் அகலக் கீற்றுகளாக வெட்டி, எட்டை நெடுக்காகவும் எட்டைக் குறுக்காகவும் ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, ஓரங்களை மடித்து நிமிர்த்தி ஒட்டினால் சிறுபெட்டியாகும். இதற்கு ஆசிரியரைத் தேடி அலைய வேண்டாம். ஊரில் பனையோலையால் நீத்துப்பெட்டியும் குட்டானும் கடகமும் இழைத்த கைகள் எமது அடுக்குமாடி வீடுகளில் வேலையற்று மடியிற் கிடக்கின்றன. அம்மூதாட்டியரை வகுப்புக்கு அழையுங்கள். இந்நாட்டு மொழி அவர்களுக்கு வராது என்பது இங்கே நன்மையே. பிள்ளை தமிழிலேதான் கேட்டறிய வேண்டும்.

இழைத்த பெட்டியொன்றை அப்படியே தண்ணீரில் விடுங்கள். சற்று நேரத்தில் நீர் புகுந்துவிடும். மற்றொன்றின் உட்சந்துகளில் பிளாஸ்ரிசீனை அழுத்திப் பூசி, வெளியே மெழுகுதிரியைத் தேய்த்து விடுங்கள். அந்தத் தாய் ஏன் கீல் பூசினாள் என்று எவரும் விளக்க வேண்டியிராது.

அச்சிட்ட தாள்களில் வழக்கமாக விடுபட்டுப் போகிறவள் அக்காள். தூரத்தே நின்று பார்த்தவள் அவளே. பார்வோன் மகள் பெட்டியைக் கண்டெடுத்ததும் முன்வந்து, பாலூட்ட ஓர் எபிரேயப் பெண்ணை அழைத்து வரட்டுமா என்று கேட்டுத் தன் தாயையே கூட்டி வருகிறாள். தாய் தன் பிள்ளைக்குப் பாலூட்டக் கூலியும் பெறுகிறாள்! உடுப்புக் காயவிடும் மரக் கவ்விகளுக்குத் துணி சுற்றித் தாய், அக்காள், அரசகுமாரி என மூன்று பாவைகள் செய்து கொடுத்தால், பிள்ளைகளின் வாயிலிருந்து பேச்சுத் தானாக வரும்.

சிறார் அஞ்சுவர் என்று பார்வோனின் கட்டளையைச் சில ஆசிரியர்கள் மறைத்துவிடுகின்றனர். எமக்கு இது உடன்பாடன்று. கட்டளை இல்லாவிடின் அத்தாய் பிள்ளையை ஆற்றங்கரையில் விட்டுச் சென்ற கொடியவளாகிவிடுகிறாள். பெற்றோர் ஊரிலே தங்கிப் பிள்ளையை மட்டும் அனுப்பிவைத்த வீடுகள் எம்மிடையே எத்தனை! அவ்வாறு தனியே வந்த ஒருவர் இன்று தந்தையாகித் தன் மகளுக்கு இக்கதையைச் சொல்கையில், தம்மைப் பெற்றவள் தம்மைக் கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். மிகச் சிறியோருக்கு, கெட்ட அரசன் பிள்ளைகளைப் பறிக்க ஆளனுப்பினான் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

அரண்மனையில் வளர்ந்தும் மோசே பெரியவனானபின் தன் இனத்தாரிடம் போனான் என்கிறது அதே அதிகாரம். பாலூட்டிய காலத்தில் தாய் அவனிடம் என்ன பேசினாளோ, எழுதப்படவில்லை.

சைவ வகுப்பு நடத்துவோரும் இவ்வேலையைக் கைக்கொள்ளலாம். குந்தி கர்ணனைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட கதைக்கும் இதே பெட்டி போதும்.

செலவு அதிகமில்லை. கத்தரிக்கோல் நுனி மழுங்கியதாக இருக்கட்டும். வாளியின் கீழே பழைய துவாயொன்றை விரிக்க மறவாதீர்கள். நிலம் நனைந்தால் மண்டபம் தந்தவர்கள் அடுத்த கிழமை திறப்பைத் தரமாட்டார்கள்.