துருவை மறைப்பதா, தீர்ப்பதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

ரமணாசிரமம் பக்கம் செங்கம் சாலையில் நடப்பவர்களுக்கு, அங்கே வரிசையாக நிற்கும் வாடகைக் கார்கள் பழகிய காட்சி. ஒரு காலத்தில் வாடகைக் கார் என்றாலே அம்பாசிடர்தான். 1957-இல் உற்பத்தி தொடங்கிய அந்த வண்டியை, கொல்கத்தா அருகே உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2014 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. ஆனால் செய்வது நின்றதே தவிர, செய்த வண்டிகள் ஓடுவது நிற்கவில்லை. அவற்றின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் மறுபடி ஓடும். அவற்றை வீழ்த்துவது பெரும்பாலும் எஞ்சின் அன்று, துரு. அதுவும் கதவின் அடிப்பகுதியில் பிடிக்கும் துரு.

துருப்பிடித்த கதவைக் கண்டதும் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. "இந்தத் தகர டப்பாவைக் காயலான் கடைக்குப் போடு" என்பது ஒன்று. "கொஞ்சம் பட்டி பூசிப் பெயிண்ட் அடி, யாருக்குத் தெரியப் போகிறது?" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே என் கருத்து. முதலாவது சோம்பல், இரண்டாவது ஏமாற்று. இவ்விரண்டுக்கும் நடுவே நேர்மையான வழி ஒன்று உண்டு. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நோயின் முதற்காரணத்தை ஆராய்ந்த பின்பே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. கதவுக்கும் அதுவே பொருந்தும். கதவு வெளியிலிருந்து துருப்பிடிப்பதாகவே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது உள்ளிருந்து வருவது. மழைநீர் கண்ணாடியில் வழிந்து, கண்ணாடியின் அடியில் உள்ள ரப்பர் பட்டையைக் கடந்து, கதவுக்குள் இறங்குகிறது. இது குறையன்று; அமைப்பே அப்படித்தான். இறங்கிய நீர் வெளியேறக் கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். புழுதியும் இலைச் சருகும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், கதவின் அடிப்பாகம் ஒரு தொட்டியாகிவிடும். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் ஓரிடத்தில் கூடினால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் மேலே பெயிண்ட் கொப்புளம் போல் உப்புகிறது. கொப்புளம் கண்ணில் படும் நாளில் உட்பக்கம் ஏற்கெனவே அரித்து முடிந்திருக்கும். அந்தக் கொப்புளத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் பட்டி பூசுவது எத்தகைய வைத்தியம்? பட்டியில் கலந்திருக்கும் மாவுப்பொருள் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. உள்ளே துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் அதே இடம் மறுபடி உப்பிவிடும். இதற்குள் கார் கைமாறியிருந்தால் இழப்பு வாங்கியவனுக்கு.

என் தந்தை டிங்கர் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகவோ இரக்கத்துக்காகவோ சொல்லவில்லை. இந்த வேலையின் உள்விவரம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்வது முறை என்பதால் சொல்கிறேன். பழைய கார் ஒன்று பட்டறைக்கு வந்தால் அவர் முதலில் பெயிண்டைப் பார்ப்பதில்லை. விரல் முட்டியால் கதவைத் தட்டி ஓசை கேட்பார். தகடு இருந்தால் ஓர் ஓசை. பட்டி இருந்தால் மொத்தமான வேறோர் ஓசை. ஐயம் வந்தால் சிறு காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பார். காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுமிடத்தில் இரும்பு இல்லை என்று பொருள். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனைக்கு இது எந்த வகையில் குறைந்தது?

அவர் சொல்லும் முறைப்படி கதவின் நோயை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். மேலோட்டமான துரு மட்டும் என்றால், அடித்தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி தடவி, பிரைமர் அடித்துப் பெயிண்ட் பூசினால் போதும். இரண்டாவது, அடியில் ஓட்டை விழுந்த நிலை. அங்கே அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிய வேண்டும். அதே கனமுள்ள புதுத் தகட்டை அந்த அளவுக்கு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே ஓட்டமாக வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். விட்டு விட்டுப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். பின் உட்பக்கத்துக்கும் பூச்சு தந்து, நீர்த்துளைகளைத் திறந்துவிட வேண்டும். மூன்றாவது, கீல் பிடிக்கும் இடமும் உட்சட்டமும் அரித்த நிலை. அந்தக் கதவைக் காப்பாற்ற நினைப்பது வீண். வேறு நல்ல கதவு தேடி மாற்றுவதே சரி. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் கடைகளை இதற்காகவே தேடிப் போகிறார்கள்.

கதவை மாற்றினாலும் ஒன்றை மறக்கலாகாது. அம்பாசிடர் போன்ற வண்டிகளில் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி உளுத்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் புதுக் கதவு மாட்டுவது இடியும் சுவருக்குத் தேக்கு நிலை வைத்த கதைதான்.

இனி, வண்டியைக் கழித்துவிடு என்பாரின் வாதத்தைப் பார்ப்போம். அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பழைய டீசல் வண்டியின் புகை நம் நெஞ்சுக்குள்தான் போகிறது. காற்றுப்பை முதலிய இன்றைய பாதுகாப்புகள் அவற்றில் இல்லை. 2021 ஆகஸ்டில் நடுவண் அரசு வாகனக் கழிப்புக் கொள்கையை அறிவித்தது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. புகை அடங்காத, பிரேக் பிடிக்காத வண்டியைச் சாலையிலிருந்து விலக்குவதை நானும் வரவேற்கிறேன்.

ஆனால் தனியார் கார்களைப் பொறுத்தவரை, அந்தக் கொள்கையே வயதை அன்று, தகுதியையே அளவுகோலாகக் கொள்கிறது. தகுதியுள்ள வண்டியை ஒரு கதவின் அடித்தகட்டுக்காகக் கொல்வது எந்தப் பொருளாதாரம்? ஒரு டன் எஃகு செய்ய உலகச் சராசரியாக ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. ஒரு சாண் தகடு செய்யக்கூடிய வேலைக்கு ஒரு முழுக் காரை ஈடு கொடுக்கலாமா? கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்து, மாதத் தவணைக்காக இரவு பகல் பாராமல் ஓட்டும் ஓட்டுநரின் கண்ணயர்வும் பயணிக்கு ஆபத்துதான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரமணர் 1896-இல் இவ்வூருக்கு வந்தவர். 1950-இல் மறையும்வரை இவ்வூரை விட்டு அகலாதவர். தம் கிழிந்த துணியை, முள்ளை ஊசியாக்கி, அத்துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார் என்று அவரது வரலாற்றில் படிக்கிறோம். அவர் கிழிசலை மறைக்கவில்லை. கிழிந்தது என்பதற்காக எறிந்துவிடவும் இல்லை. அதே பொருளின் நூலால் தைத்தார். தகட்டுக்குத் தகடே ஒட்டு, பட்டியன்று என்று டிங்கர்கள் சொல்வதும் இதைத்தான்.

பட்டி பூசும் பட்டறைக்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. "எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும், நாளைக் காலையில் வண்டி வேண்டும், இவ்வளவுதான் தருவேன்" என்று வருகிற உரிமையாளரும் அதில் பங்காளி. இரண்டு நாள் வேலைக்கு அரை நாள் கூலி தந்தால் அரை நாள் வேலைதான் கிடைக்கும். ஆகவே சில யோசனைகளை முன்வைக்கிறேன். பட்டறையில் தரும் சீட்டில் எங்கே தகடு மாற்றினார்கள், எங்கே பட்டி பூசினார்கள் என்று எழுதித் தர வேண்டும். தகுதிச் சோதனையில் பெயிண்டின் பளபளப்பைப் பாராமல், கதவடிகளையும் படிகளையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் வாகன உடற்பகுதி பழுதுபார்க்கும் பிரிவு உண்டு. அனுபவமுள்ள டிங்கர்களை அங்கே அழைத்துக் கற்பிக்கச் செய்ய வேண்டும்.

நம் துறைக்கும் ஒரு வேண்டுகோள். துத்தநாகத்தின் மின்னழுத்தம் -0.76 வோல்ட், இரும்பினது -0.44 வோல்ட், ஆகவே துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது என்று தேர்வில் எழுதுகிறோம். டெல்லி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கு அதிலுள்ள பாஸ்பரஸ் துணைசெய்கிறது என்றும் படிக்கிறோம். ஆனால் வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோன இடத்துக்கு மறுபூச்சு ஏன் வேண்டும் என்று ஒரு பட்டறைக்குப் போய் விளக்கியிருக்கிறோமா? ஆண்டுக்கு ஒரு நாள், நாம் அங்கே போகலாம். அவர்கள் இங்கே வரலாம். கரும்பலகையில் உள்ள அறிவும் கையில் உள்ள அறிவும் ஒன்றையொன்று காணாமல் இருப்பதும் ஒரு வகைத் துருவே.

பட்டம் பெற்றதும் சுத்தியலைக் கண்டு முகம் சுளிப்பவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது. கார் வைத்திருப்போர் இப்போதைக்குச் செய்யத்தக்கது ஒன்றுதான்: மழைக்காலத்துக்கு முன் கதவின் அடித்துளைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.