விழுந்த மதிலும் கிளுவை வேலியும்

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் எட்டு வீட்டு அடுக்குமாடியின் மேற்கு மதில், போன வாரம் பெய்த மழையில் பக்கத்து முந்திரிக் கொல்லைக்குள் சாய்ந்துவிட்டது. அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கருத்து. கொத்தனார் சொன்ன தொகையை எட்டால் வகுத்து நான் போட்டதும் குழு ஊமையாகிவிட்டது.

மறுநாள் படியில் பிடித்துக்கொண்டார் மூன்றாம் மாடிக்காரர். "மதில் கீழ் வீட்டுக்காரங்களுக்குத்தானே சார் மறைப்பு? நாங்க மேல இருக்கோம், எங்களுக்கு எதுக்கு?" லிஃப்ட் மோட்டார் எரிந்த கதையை இந்தப் பத்தியில் படித்தவர்களுக்கு இவரை நினைவிருக்கும். 'நாங்கள் லிஃப்டில் ஏறுவதே இல்லையே' என்று தரைத்தளத்துக்காரர் முனகியபோது, கூட்டாக வாழ்வதன் தர்மத்தை அரை மணி நேரம் எடுத்துரைத்த அதே மனிதர்.

'அதுதான் புதுச் சட்டம் வந்திருக்கிறதே' என்றார் நண்பர் ஒருவர். வந்திருக்கிறதுதான். 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தை மாற்றி 2022-ல் புதிதாக ஒன்று இயற்றி, 2024 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்ற பகுதியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இடிப்பது பற்றிப் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. மதிலுக்குச் சிமென்ட் வாங்குவதில் அது இல்லை.

கோபம் வந்தால் நான் எடுத்துப் படிக்கும் புத்தகம் ஒன்று உண்டு. சிரிக்காதீர்கள்: 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். எழுதியவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற ஐரிஷ்காரர். பழைய ஐரிஷ் ஏடுகளைப் பதிப்பித்த மொழி அறிஞர். சென்னையிலும் சில காலம் இருந்தவர். ஏ, பி என்று இரண்டு பேர் அந்தப் புத்தகம் முழுக்க அண்டை வீட்டுக்காரர்களாக வாழ்கிறார்கள். ஏ-யின் சாக்கடை பி-யின் மனை வழியாகப் போகிறது. அதைத் தூர்வாருவது பி-யின் வேலையில்லை. ஏ-யின் வீடு பி-யின் சுவரைத் தாங்கலாகக் கொண்டு நிற்கிறது; அந்தச் சுவரைப் பழுது பார்க்கும் கடமை பி-க்கு இல்லை, ஆனால் அதை இடிக்கவோ பலவீனமாக்கவோ கூடாது. அனுபவிக்கிறவன் செலவு செய், மற்றவன் கெடுக்காமல் இரு. எத்தனை சுருக்கமான அண்டை வீட்டு நீதி! மூன்றாம் மாடிக்காரர் பேசியதும் ஒருவகையில் ஸ்டோக்ஸின் பேச்சுதான். என்ன, எங்கள் மதிலில் ஏ-யும் நாங்களே, பி-யும் நாங்களே. நிலம் பிரிக்கப்படாத பங்கு. எட்டுப் பேரில் யாரும் ஒரு செங்கல்லைக் காட்டி 'இது என்னுடையது இல்லை' என்று சொல்ல முடியாது.

படித்துக்கொண்டிருந்தவனுக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் முன்பு குடியிருந்த பழைய குவார்ட்டர்ஸ் நினைவு வந்தது. மதில் கிடக்கட்டும், இதைச் சொல்கிறேன்.

அங்கே எங்கள் யாருக்கும் ஒரு சாண் மண் சொந்தமில்லை. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானதைத் தொடர்ந்து சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலம் சுரங்கமாகவும் குடியிருப்பாகவும் ஆனது. அந்த மண்ணுக்கு உரிமை கொண்டாட வேண்டியவர்கள் பட்டாவைக் கொடுத்துவிட்டுப் போன அந்த ஊர்க்காரர்கள், நாங்கள் இல்லை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். ஆனாலும் வீட்டுக்கு வீடு வேலி இருந்தது. கிளுவைப் போத்து நட்டு, இடையில் மருதாணியும் செம்பருத்தியும் வைத்து, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மனிதர்கள் தூங்கப் போகுமுன் அரிவாளோடு நின்று வேலியை வெட்டிவிடுவார்கள். எங்கள் பக்கத்துக் கிளை அடுத்த வீட்டுக்குள் நீண்டால், அடுத்த வீட்டு அண்ணியே வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிடுவார். கணக்குப் பார்த்ததில்லை.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, டவுன்ஷிப்பின் மரங்கள் தெருத் தெருவாகச் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போனது ஊரறிந்த துயரம். எங்கள் தெருவில் பாதி வேலி மரங்களுக்கு அடியில் கிடந்தது. விழுந்த மரம் யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. எல்லாம் கம்பெனி மரம். பொங்கலுக்குள் புதுப் போத்துகள் நட்டாகிவிட்டது.

நாங்களெல்லாம் தங்கமான மனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் கூரை ஒழுகினால் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருந்தார். கட்டடம் கம்பெனி பாடு, செடி எங்கள் பாடு என்று கோடு தெளிவாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் வேலியைக் கவனித்தோம். அதே மனிதர்களில் நான்கு பேர், நான் உட்பட, இன்று இந்த எட்டு வீட்டில் பத்திரத்தோடு உட்கார்ந்து ஒரு மதிலுக்குப் பத்து நாளாகச் சண்டை போடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பங்கின் அளவுப்படி பணம், இனி மாதாமாதம் பழுதுக்கென்று தனி நிதி, இதைத்தான் கேட்கப்போகிறேன். வீடு வாங்கக் கிளம்பியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பத்திரத்தின் 'பி' ஷெட்யூலில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், சங்கத்தின் வங்கிக் கணக்கில் எத்தனை ரூபாய் இருக்கிறது என்றும் கேளுங்கள்.