அம்மாவின் காயை வெட்டு

பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதாகிவிட்டால் அம்மாவுக்கும் அவனுக்கும் நடக்கும் பேச்சு நாலு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. சாப்பிட்டாயா, எழுதி முடித்தாயா, யாரோடு போனாய், போனை எப்போது கீழே வைக்கப் போகிறாய். நாலுக்கும் சேர்த்து அவனிடம் ஒரே பதில் இருக்கிறது: "ம்". பெண்பிள்ளை என்றால் சண்டை போட்டாவது பேசிக்கொண்டிருப்பாள் என்று தோழிகள் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மையோ, பையன்களைப் பற்றிய புலம்பல் மட்டும் நான் போகிற கல்யாண வீடுகளில் எல்லாம் ஒரே ராகத்தில் கேட்கிறது.

"இவனோடு சேர்ந்து என்னதான் செய்வது?" என்று கேட்கிற அம்மாக்கள் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் மால். மதுரையிலும் இப்போது அதற்குக் குறைச்சல் இல்லை. கார்டில் பணம் ஏற்றிக் கொடுத்தால் அவன் உள்ளே போய்த் துப்பாக்கி சுடுவான், கார் ஓட்டுவான். நாம் அவன் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஒன்றாகப் போனோம், ஒன்றாக வந்தோம். நடுவில் அவன் ஓரிடம், நாம் ஓரிடம். இதற்கு அவனை அவன் சேக்காளிகளோடு அனுப்பிவிட்டு நாம் வீட்டில் கொஞ்சம் கண்ணயரலாம்.

என் ஓட்டு தாயக்கட்டைக்கு. சிரிக்காதீர்கள்.

அம்மாச்சி வீட்டிலிருந்து வந்த பித்தளைக் கட்டைகள் எங்கள் பரணில் வெகுகாலம் சும்மா கிடந்தன. ஒரு மே மாத மின்வெட்டு அவற்றை இறக்கியது. தாயத்தின் சிறப்பு என்னவென்றால் அதில் அம்மா என்ற பதவிக்கு ஒரு சலுகையும் கிடையாது. வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் நாம் வைத்ததுதான் சட்டம். இங்கே தாயம், அதாவது ஒன்று, விழாதவரை காய் இறங்காது. கட்டையை உருட்டுவதும் பையனிடம் கொடுப்பதுமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மலை என்கிற பத்திரமான கட்டத்தில் இருக்கும் காயை யாரும் தொட முடியாது. மலையை விட்டு இறங்கினால் பெற்றவள் என்றும் பார்க்க மாட்டான், வெட்டுவான். எங்கள் வீட்டு விதிப்படி ஒரு காயையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. ஆகவே அவன் வெட்டித்தான் தீர வேண்டும். நாலு கேள்விக்கும் "ம்" சொன்ன அதே வாய், என் காய் உள்ளே நுழைய இரண்டு கட்டம் இருக்கும்போது வெட்டிவிட்டுப் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அதன்பிறகுதான் வேடிக்கை. தாயம் கேட்டால் ஏன் எப்போதும் மூன்றே விழுகிறது என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, இன்னொன்று வெறுமை. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். தாயத்துக்கு அதில் இரண்டே வழி. மூன்றுக்கு நாலு வழி. பன்னிரண்டு விழ இரண்டு கட்டையும் வெறும் பக்கம் காட்ட வேண்டும், ஒரே ஒரு வழி. நோட்டின் பின்னட்டையில் இதைப் போட்டு என் முன்னால் நீட்டினான், கணக்குப் பரீட்சை மார்க்கைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பையன். "பார்த்தாயா, இதுக்குப் பேர்தான் நிகழ்தகவு, பின்னால் பாடத்தில் வரும்" என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அம்மாக்களுக்கு இருக்கிற பெரிய வியாதி இது. பிள்ளை சிரித்துக்கொண்டு செய்கிற எதையும் பாடமாக்கிவிடுவோம். அடுத்த நாளே அது அவனுக்கு வேண்டாததாகிவிடும்.

இன்னொரு வியாதி விட்டுக்கொடுப்பது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் வேண்டுமானால் தோற்றுக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுக்காரன் இரண்டாவது உருட்டலிலேயே கண்டுபிடித்து, "நீ ஒழுங்கா ஆடும்மா" என்பான். ஒழுங்காக ஆடுங்கள். அவன் காயையும் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டுங்கள்.

பல்லாங்குழியைப் பெண்பிள்ளைகள் ஆட்டம் என்று ஒதுக்கி வைத்ததில் பையன்களுக்குத்தான் நஷ்டம். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்கார வைத்த நாட்களில் துணைக்குக் கொடுத்த பலகை அது. நம் அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் அதில் இருந்த தேர்ச்சி வீட்டு ஆண்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. 14 குழி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியில் அள்ளினால் எங்கே போய் முடியும், எந்த வெறுங்குழியைத் துடைத்து அடுத்ததை வாரலாம் என்று மனக்கண்ணால் ஓட்டிப் பார்க்கிறவர் ஜெயிப்பார். அத்தை ஒருத்தி பேசிக்கொண்டே, முறத்தில் ஒரு கண்ணும் பலகையில் ஒரு கண்ணுமாக என்னை மொட்டையடித்திருக்கிறாள். இந்தக் கதைகளைச் சொன்னால் பையன்கள் கேட்கிறார்கள். அம்மாவும் ஒரு காலத்தில் தோற்று அழுத சிறுமி என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

போன விடுமுறையில் கீழடி போனோம். மதுரைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு போகாமல் இருந்தோம் என்பது வேறு. 2023இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். 2000 வருடத்துக்கு மேற்பட்ட மண்ணடுக்கிலிருந்து அங்கே தந்தப் பகடையும் சுடுமண் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. என் பையனுக்குப் பானை ஓடுகளில் எழுத்து இருந்ததைவிட இதுதான் பெரிதாகப் பட்டது. "அப்பவும் யாரோ ஒருத்தன் அவங்கம்மாவை வெட்டியிருப்பான்" என்றான். தொல்லியல்காரர்கள் இதை ஏற்பார்களோ என்னவோ, எனக்கு ஆட்சேபம் இல்லை.

உண்மையில் அன்றைக்குக் கிடைத்த லாபம் திரும்பி வந்த டவுன் பஸ்ஸில். பையன்கள் முகத்துக்கு நேரே உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். தோளோடு தோள் உட்கார்ந்து இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் தானாக வருகிறது. வகுப்பில் ஒருவனோடு பல நாளாகப் பேச்சில்லை என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. சிலைமான் தாண்டியதும் அவனே சொன்னான்.

இதனால்தான் கைவேலையும் நல்லது. முறுக்கு அச்சை அழுத்துவதற்குத் தோள்பலம் வேண்டும். பையனிடம் கொடுங்கள், பெருமையாகப் பிழிவான். வட்டம் வராது, வராவிட்டால் என்ன, வாயில் போட்டால் எல்லாம் முறுக்குதான். ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்கிற பெரியவர்களுக்கு முதல் ஈடு முறுக்கைக் கொடுத்துவிட்டால் கேள்வி நின்றுவிடும்.

அம்மாவுக்கு எல்லா ஆட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் பாக்கூவில் நடந்த செஸ் உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா இறுதிப்போட்டி வரை போனபோது, கூடவே போயிருந்த அவர் அம்மா நாகலட்சுமி, மகன் நிருபர்களிடம் பேசுவதை ஓரமாக நின்று சிரித்தபடி பார்த்த படம் ஊரெல்லாம் சுற்றியது. வெளிநாட்டுக்கும் அடுப்பும் மசாலாப் பொடியும் கொண்டுபோய் ரசம் வைத்துக் கொடுக்கிறவர். நாம் எல்லோரும் பெட்டியில் அடுப்பைக் கட்ட வேண்டியதில்லை. அவன் உலகத்துக்குள் எட்டிப் பார்த்தால் போதும். அவன் ஆடுகிற போன் விளையாட்டையே ஒரு முறை கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நம்முடைய தடுமாற்றத்தைப் பார்த்து அவன் பொறுமையின் சிகரமாகிவிடுவான்.

மொட்டைமாடி இருக்கிறவர்களுக்கு ஒன்று. தை பிறக்கும்போது, பொங்கலையொட்டி நாலு நாள், தமிழகம் முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பட்டம் எதுவும் வேண்டாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து என்று ஆரம்பிக்கலாம். அடையாளம் சொல்வது யார், எழுதுவது யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எழுதுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வது நல்லது, அவன் கண் நம் கண்ணைவிடக் கூர்மை.

வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்புகிற அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. ஒரே இரவில் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? கட்டத்தை அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். படுக்கப் போகும்போது காய்களோடு அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடுவில் அவன் ஒரு காயை நகர்த்தி வைத்திருக்கிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளைக் கட்டை கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். ஆறு புளியங்கொட்டையை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம், ஒன்றுகூட வெள்ளை இல்லாமல் விழுந்தால் பன்னிரண்டு.