இல்லை என்று சொல்லத் துணிந்த நிபுணர்கள்

1998 ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரம். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் இரவுக் கடமையில் இருந்தேன். போர்ச் செய்திகளுக்கு நடுவே வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்றின் செய்தி வந்து சேர்ந்தது. பொஸ்டன் நகரில் ஜூடா ஃபோக்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் ஆய்வுகூடத்தில், இரண்டு புரதங்கள் எலிகளின் புற்றுக்கட்டிகளைக் கரைத்துவிட்டன என்பதே செய்தி. கட்டிக்குக் குருதி கொண்டு செல்லும் நுண்குழாய்கள் வளரவிடாமல் தடுத்தால் கட்டி பட்டினியில் வாடிவிடும் என்று 1971 முதல் வாதாடி வந்தவர் அவர். டிஎன்ஏயின் அமைப்பைக் கண்டறிந்து நொபெல் பரிசு பெற்ற ஜேம்ஸ் வொட்சன், இரண்டே ஆண்டுகளில் ஃபோக்மன் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று கூறியதாக 'நியூயோர்க் டைம்ஸ்' முதற்பக்கத்தில் வெளியிட்டிருந்தது.

நான் வொட்சனைத் தலைப்பில் போட்டேன். எலிகளை மூன்றாவது பந்தியில் போட்டேன்.

சில நாட்களின் பின் வவுனியாவில் இருந்து பாஸ் எடுத்து, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காரியாலயத்துக்கு வந்தார். அவருடைய மனைவி மகரகம வைத்தியசாலையில் இருந்தார். கையில் எங்கள் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தார். "தம்பி, இந்த மருந்து எங்கை எடுக்கலாம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "பேப்பரிலை போட்டது நீங்கள்தானே, உங்களுக்குத் தெரியாதோ?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

வொட்சன் அவ்வாறு சொன்னதாகக் கூறப்பட்டது ஆய்வரங்கில் அல்ல, ஓர் இராப்போசன விருந்தில். தாம் கூறியது அதுவல்ல என்று பின்னர் அவர் மறுத்தார். ஃபோக்மனோ தொடக்கத்தில் இருந்தே நிதானமாகப் பேசியவர். எலிக்குப் புற்றுநோய் வந்தால் எம்மால் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதே அவர் சொன்னதன் சாரம். ஆயினும் அப்புரதங்களின் உரிமையை வைத்திருந்த என்ட்ரிமெட் நிறுவனத்தின் பங்கு, வெள்ளிக்கிழமை 12 டொலராக இருந்தது, திங்கட்கிழமை ஒரு கட்டத்தில் 85 டொலரைத் தொட்டது. அவ்விரு புரதங்களும் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெறவே இல்லை.

ஃபோக்மனின் அடிப்படைக் கருத்து பொய்க்கவில்லை. அதே வழியில் வந்த 'அவஸ்டின்' என்ற மருந்து 2004 இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அம்மருந்தை உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கும் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது நடந்தவற்றைத்தான் இங்கு சொல்ல விரும்புகிறேன். நிபுணர்கள் என்போர் எதற்காக இருக்கிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு சம்பவத்தை நான் அறியேன்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகத்துக்குப் புற்றுநோய் மருந்துகள் பற்றி ஆலோசனை கூற ஒரு குழு உண்டு. வைத்திய நிபுணர்கள், புள்ளியியலாளர்கள், பாவனையாளர் பிரதிநிதி, நோயாளர் பிரதிநிதி எனப் பலரும் அதில் அமர்வர். மருந்துக் கம்பனிகளின் பிரதிநிதிக்கும் இடமுண்டு, ஆனால் வாக்குரிமை இல்லை. விவாதம் பகிரங்கமாக நடக்கும். யார் எப்படி வாக்களித்தார் என்பதும் பதிவாகும்.

2007 டிசெம்பரில் அக்குழு 5க்கு 4 என்ற வாக்குகளால் வேண்டாம் என்றது. மருந்து எடுத்தோரிடம் நோய் மீண்டும் முற்றுவது ஏறக்குறைய ஐந்தரை மாதங்கள் பிந்தியது உண்மை. ஆனால் அவர்களுடைய ஆயுள் கூடியதாகச் சான்று இல்லை. நிருவாகம் ஆலோசனையை ஒதுக்கிவிட்டு, மேலதிக ஆய்வுகள் செய்யவேண்டும் என்ற நிபந்தனையுடன் 2008 பெப்ரவரியில் அனுமதி வழங்கியது. அந்த ஆய்வுகள் வந்தபோது ஐந்தரை மாதங்கள் என்பது ஒரு மாதத்துக்கும் மூன்று மாதங்களுக்கும் இடைப்பட்டதாகச் சுருங்கிப்போயிருந்தது. ஆயுள் அப்போதும் கூடவில்லை. கடும் குருதி அழுத்தம், குருதிப்பெருக்கு, குடலில் துளை விழுதல் போன்ற பக்கவிளைவுகள் மட்டும் உறுதியாயின. 2010 ஜூலையில் குழு 12க்கு 1 என்ற வாக்குகளால் அனுமதியை மீளப்பெறுமாறு கூறியது. கம்பனி மேன்முறையீடு செய்தது.

2011 ஜூன் மாத இறுதியில் இரண்டு நாட்கள் விசாரணை நடந்தது. அவஸ்டினால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று நம்பிய பெண்கள் வந்து சாட்சியம் அளித்தார்கள். எங்கள் மரண தண்டனையில் கையெழுத்திடாதீர்கள் என்ற தொனியிலேயே அவர்களுடைய மன்றாட்டம் இருந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 88,000 டொலர் செலவாகும் மருந்து என்பதால் பணத்தை மிச்சம்பிடிக்க அரசாங்கம் ஆட்களைச் சாகவிடுகிறது என்று அரசியல்வாதிகள் சிலர் குற்றம் சாட்டினர். உண்மையில் மருந்தின் விலை அந்த நிருவாகத்தின் கணக்கில் வருவதே இல்லை.

அப்பெண்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிற் சிலர் மருந்துடன் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். ஆனால் அம்மருந்து இல்லாமல் அவர்கள் எத்தனை காலம் வாழ்ந்திருப்பார்கள் என்பதை அவர்களும் அறியார், அவர்களுடைய வைத்தியரும் அறியார். புற்றுநோய் ஒருவரில் விரைவாகவும் இன்னொருவரில் ஆமை வேகத்திலும் நகரும். அதனாற்றான் மருந்து எடுத்த நூற்றுக்கணக்கானோரையும் எடுக்காத நூற்றுக்கணக்கானோரையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஒப்பீட்டில், மருந்தினால் இறந்தவர்கள் சாட்சி சொல்ல வரமுடியாது. அவர்கள் எண்ணிக்கைகளாக மட்டுமே மண்டபத்துக்குள் இருந்தார்கள். அந்த எண்ணிக்கைகளுக்காகவும் பேசவேண்டியது நிபுணரின் கடமை.

ஆறு பேரும் வேண்டாம் என்றே வாக்களித்தனர். நோயாளர் பிரதிநிதியும் அந்த ஆறு பேரில் ஒருவர். 2011 நவம்பர் 18 ஆம் திகதி நிருவாகத்தின் தலைவர் மார்கரெட் ஹம்பேர்க் அந்த அனுமதியை இரத்துச் செய்தார். வேறு சில புற்றுநோய்களுக்கு மருந்து தொடர்ந்தும் பாவனையில் இருந்தது. நான் பார்த்த தமிழ்ப் பத்திரிகை எதிலும் இது முதற்பக்கத்துக்கு வரவில்லை. மருந்து வருகிறது என்பது செய்தி, மருந்து பயன் தரவில்லை என்பது செய்தியல்ல என்பது எங்கள் தொழிலின் பழைய வியாதி.

எல்லா நிபுணர்களும் இவ்வாறு திறந்த மண்டபத்தில் அமர்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஹோசே பசெல்கா மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் பெரும் பங்களிப்புச் செய்த விஞ்ஞானி. நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டெரிங் வைத்தியசாலையின் தலைமை வைத்திய அதிகாரி. மருந்துக் கம்பனிகளிடம் இருந்து பல மில்லியன் டொலர் பெற்றதை அவர் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகளில் வெளிப்படுத்தவில்லை என்று 2018 செப்டெம்பரில் 'நியூயோர்க் டைம்ஸ்', 'புரோபப்ளிக்கா' ஆகியவற்றின் செய்தியாளர்கள் எழுதினார்கள். பலர் ஏமாற்றம் எனக் கருதிய ஓர் ஆய்வு முடிவை அவர் மேடையில் புகழ்ந்திருந்தார், ஆய்வுக்குப் பணம் கொடுத்த கம்பனியுடன் தமக்கிருந்த தொடர்பைச் சொல்லாமலே. சில நாட்களில் பதவி விலகினார். அடுத்த ஆண்டு ஒரு பெரும் மருந்துக் கம்பனியின் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே யாருடைய சம்பளத்தில் பேசுகிறார் என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2021 இல் காலமானார்.

கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்வதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. நோயை அறிந்தவர் சொல்லாமல் மருந்து உருவாகாது. ஆனால் அச்செய்தியாளர்களால் தொகையைச் சரிபார்க்க முடிந்தது, கம்பனிகள் வைத்தியர்களுக்குக் கொடுக்கும் பணத்தைப் பகிரங்கமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் அங்கு இருந்ததால்தான். 1998 இல் எனக்கு எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்காது. பங்குச் சந்தைச் செய்தியும் அதே இரவுக் கட்டில்தான் கிடந்தது. நான் அதை வணிகப் பக்கத்துக்கு அனுப்பினேன்.

ஆசிரியர் கத்தரித்த அந்தத் துண்டை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு பத்தித் தலைப்பு. எலிகள் மூன்றாவது பந்தியில்.