எழுந்து நிற்கும் பலம்

மாகறலிலும் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் காலமெல்லாம் நாற்று நட்டு, களை பறித்து, கட்டு சுமந்தவர்கள், வயதான பிறகு மறதி முற்றி முதியோர் இல்லம் போக நேர்ந்தால், அங்கே அவர்களுக்கு விதிக்கப்படும் முதல் வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. 'விழுந்து வைக்கப் போறாங்க' என்ற அந்தக் கரிசனமே அவர்களைச் சீக்கிரம் படுக்கையில் தள்ளுகிறது. நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இத்தகையோரைப் பராமரிக்கும் இல்லங்களில் கூட்டு உடற்பயிற்சி, சோறு மாத்திரை போலவே தவறாத கடமையாக வேண்டும்.

பயிற்சி செய்தால் ஞாபகம் திரும்பும் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது. பிரிட்டனில் மறதிநோயுள்ள 494 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் உடல்திறன் கூடியது, மறதி மட்டுப்படவில்லை. ஆனால், பிரான்சில் ஐந்து இல்லங்களில் அல்சைமர் நோயாளிகள் 134 பேரிடம் ஓராண்டு நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை ஒரு மணி நேரம் பயிற்சி பெற்றவர்களுக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடத் திறன்கள் மெதுவாகவே குறைந்தன. அமெரிக்காவில் சராசரி 87 வயதான இல்லவாசிகளிடம் நடந்த 1994 ஆய்வில், பத்தே வாரத்தில் தசைவலு இரட்டிப்பைத் தாண்டியது. பெயர் மறந்தவருக்கும் பிறர் கை பிடிக்காமல் கழிப்பறைக்குப் போவது மானப் பிரச்சினை. பயிற்சியின் பலனை அங்கேதான் அளக்க வேண்டும்.

விழுந்துவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் மருத்துவரின் யோசனை கேட்டு, கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஆளை நிறுத்தித் தொடங்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றி, விழும் அபாயம் இன்னும் கூடும். சொன்னது மனதில் நிற்காதே என்பது அடுத்த தடை. சொல்ல வேண்டாம், செய்து காட்டினால் போதும். எதிரே அமர்ந்தவர் கை தட்டினால் தட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுவார்கள். கூட்டாகச் செய்வதன் பயனே அதுதான். ஆளில்லை என்பார்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே சிகிச்சையாளர்கள் இல்லங்களுக்கும் முறைவைத்து வந்து ஊழியர்களைப் பழக்கினால், மற்ற நாட்களில் ஊழியர்களே நடத்தலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் சமையலறையையும் பதிவேட்டையும் பார்ப்பதோடு நிற்காமல், போன மாதம் தாமாக எழுந்தவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் எழுகிறார்கள் என்று கேட்க வேண்டும். குறைந்திருந்தால், காரணத்தையும் கேட்க வேண்டும்.