மழை பெய்யும் மலையும் மழை காணா நாடும்



மாத்தளை மாவட்டத்தின் லக்கலயில் காலையில் மிளகு காயப்போடும் ஒரு தாய்க்கும், ஒரு நதிகூட இல்லாத குவைத்தில் இரவு உணவு சமைக்கும் ஒரு தாய்க்கும் என்ன தொடர்பு? சற்றுச் சிந்தித்தால் அந்தத் தொடர்பு மிக நெருக்கமானது என்பது விளங்கும்.

தும்பறை மலைத்தொடரில் பிறந்து லக்கல வழியாக ஓடும் களுகங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டு அதில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 24 கோடி 80 இலட்சம் கனமீற்றர். அங்கு சேரும் நீர் சுரங்கக் கால்வாய் வழியாக மொரகஹகந்தை நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து உலர் வலயத்து வயல்களுக்குப் பாய்கிறது. இதற்காகப் பழைய பல்லேகம நகரமும் பலருடைய வீடு வாசல்களும் தோட்டங்களும் நீரில் மூழ்கின. மக்கள் புதிய இடங்களில் குடியேறினார்கள்.

இந்த அணைக்குக் கடன் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? குவைத் நிதியம், சவூதி அபிவிருத்தி நிதியம், ஒபெக் நிதியம் ஆகியவை. தம் மண்ணில் ஆறு இல்லாத நாடுகளின் பணமும் நம் மலையில் நீரைத் தேக்கியிருக்கிறது! ஆனால் கடன் கடன்தான். அதை ரூபாயில் அல்ல, வெளிநாட்டுச் செலாவணியில் அடைக்க வேண்டும். அந்தச் செலாவணி எங்கிருந்து வரும்? தேயிலையும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் அதில் ஒரு பங்கைக் கொண்டுவருகின்றன. 2021 டிசம்பரில், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலர் கடனை மாதாமாதம் தேயிலை அனுப்பித் தீர்ப்பதென்று நம் நாடு இணக்கம் கண்டது நினைவிருக்கலாம். ஈரானும் தண்ணீர்ப் பஞ்சத்தால் வாடும் நாடுதான்.

தண்ணீர் இல்லாத நாடு உணவுக்கு என்ன செய்யும்? சவூதி அரேபியா ஒரு வழியைச் செய்து பார்த்தது. பூமிக்கடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த நீரை இறைத்துக் கோதுமை பயிரிட்டது. 1990களின் தொடக்கத்தில் கோதுமையை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்றாகவும் ஆகியது. ஆனால் அந்த நீர் மழையால் மீண்டும் நிரம்பும் நீரல்ல. எடுத்தால் எடுத்ததுதான். ஆகவே உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைப்பதென்று 2008இல் தீர்மானித்து, 2016இல் நிறுத்தியது. பின்னர் ஓர் அளவோடுதான் மீண்டும் அனுமதித்தது. தேவையான தானியத்தின் பெரும்பகுதியை அது வெளியிலிருந்தே வாங்குகிறது.

ஒரு கிலோ அரிசி விளைய உலக சராசரியாக ஏறத்தாழ 2500 லீற்றர் தண்ணீர் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கோப்பைத் தேநீருக்குப் பின்னால் 30 லீற்றர் அளவு நீர் இருக்கிறது. அப்படியானால் உணவை விற்கும் நாடு கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரையும் சேர்த்தே விற்கிறது. டோனி அலன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1990களில் இதற்கு ‘மறைநீர்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். 2008இல் அதற்காக ஸ்டொக்ஹோம் நீர்ப் பரிசும் பெற்றார்.

இது புதிய செய்தியா? இப்ராஹீம் (அலை) அவர்கள் பயிர் விளையாத பள்ளத்தாக்கில் தம் குடும்பத்தைக் குடியமர்த்தியபோது, அவர்களுக்குக் கனிவகைகளை உணவாக வழங்குமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள். விளையாத ஊருக்கு விளையும் ஊரிலிருந்து உணவு போய்ச் சேர்வது அந்தப் பிரார்த்தனையின் பலன்களில் ஒன்று. குறைஷியரின் மாரிகாலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குர்ஆன் ஓர் அருளாகவே நினைவூட்டுகிறது.

ஆனால் எதை விற்பது என்பதில் நிதானம் வேண்டும். குளத்து நீரைப் பாய்ச்சி விளைவிக்கும் நெல் நம் பிள்ளைகளின் சோறு. மாரி பொய்த்தால் நமக்கே போதாது. மிளகும் கராம்பும் அப்படியல்ல. மரநிழலில், பெரும்பாலும் மழைநீரிலேயே வளர்பவை. யாருடைய வாய்க்காலையும் வற்றச் செய்யாதவை. எடை குறைவு, விலை அதிகம். எனவே வறண்ட நாட்டுக்கு நாம் அனுப்பத் தகுந்த பொருள் இதுவே. இதை அரசாங்கம் மட்டுமல்ல, தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் உணர வேண்டும்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். மிளகைப் பறிப்பது ஆண்களாக இருந்தாலும், உதிர்ப்பதும் காயவைப்பதும் புடைப்பதும் பல வீடுகளில் பெண்களின் வேலைதான். விலை உயர்வதும் விழுவதும் அங்கேதான்.

முற்றாத மிளகைப் பறிக்காதீர்கள். காய்ந்தபின் அது பதராகிவிடும். வெறும் தரையிலோ தெருவோரத்திலோ காயப்போடாமல் சுத்தமான பாயில் அல்லது படங்கில் பரப்புங்கள். கோழியும் ஆடும் மிதிக்க விடாதீர்கள். ஈரம் போகக் காயவைத்த பின்னரே சாக்கில் கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வாங்கும் நாட்டின் ஆய்வுகூடத்தில் தெரியும். 2018இல் பூச்சிக்கொல்லி எச்சத்தின் காரணமாக இந்திய ஏலக்காயைச் சவூதி நிறுத்திவைத்தது. மருந்தை அளவு மீறி அடித்தவர் சிலராக இருக்கலாம். நட்டமோ எல்லோருக்கும். சந்தேகம் இருந்தால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் அலுவலரிடம் கேளுங்கள். அதன் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது.

எடை கூடட்டும் என்று நீர் தெளிப்பவர்களும், மிளகோடு பப்பாசி விதை கலப்பவர்களும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மிளகுச் சாக்கு கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். கடல் கடந்து வாங்குபவர் நம்மைப் பார்ப்பதில்லை என்பதால் அது குறைந்துவிடுமா?

பொருளோடு சேவையும் ஏற்றுமதியாகும். வளைகுடாவுக்கு நாம் பெரும்பாலும் உடல் உழைப்பை மட்டுமே அனுப்பி வந்திருக்கிறோம். தாய்மார் எத்தனை பேர் குழந்தைகளை விட்டுவிட்டுப் போனார்கள்! சொட்டுநீர்ப் பாசனம், நாற்றுமேடை, பொதியிடல், தரப் பரிசோதனை ஆகியவற்றைக் கற்ற பிள்ளை அதே நாட்டுக்குக் கைத்தொழில் தெரிந்தவனாகப் போவான். விவசாயம் படிக்கிறேன் என்று மகனோ மகளோ சொன்னால், மண் கிண்டும் படிப்பு என்று முகம் சுளிக்காதீர்கள்.

லக்கலயின் மக்கள் தங்கள் வீடு இருந்த மண்ணைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள். அவர்கள் மிளகுக்கு நியாயமான விலை கொடுப்பது, அதை வாங்கி விற்கும் நம் வியாபாரிகளின் கடமை. தராசில் ஒரு பிடியைக் குறைத்து எடுக்கும் கணவரிடம் அதை எடுத்துச் சொல்லும் உரிமை மனைவிக்கு உண்டு. அந்தப் பணத்தில்தானே அவளுடைய அடுப்பு எரிகிறது?

அல்லாஹ் நம் நீரிலும் நிலத்திலும் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.