இலை உதிரும் காலத்தில் ஒரு விதைப்பு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரம் பாகல் பந்தல் கருகியிருக்கும். கத்தரியையும் மிளகாயையும் பிடுங்கியிருப்பீர்கள். ரொறன்ரோ வீதியோரங்களில் மேப்பிள் இலை அடைத்த காகிதப் பைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்ட வேலை இனி மே மாதம்தான் என்று கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போகத்தான் யாருக்கும் மனம் வரும்.

கொஞ்சம் பொறுங்கள். நிலம் உறைவதற்கு முன் விதைக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. காளான்!

மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கம் புது வீடு வாங்கியவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். புல்லுக்குக் கீழே நாலு விரல் கறுப்பு மண். அதற்குக் கீழே சப்பாத்தில் ஒட்டும் களிமண். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வண்டிகள் ஓடி இறுகிப்போன நிலம். அதில் கத்தரி எப்படி வேர்விடும்? ஆகவே மே மாதம் வந்தால் மூட்டை மூட்டையாக மண்ணும் மாட்டெருவும் வாங்குகிறோம். ஒக்டோபரில் நம் மரம் கொட்டிய சத்தைப் பையில் கட்டி வீதியில் வைக்கிறோம். ஏன் இப்படி?

இலையும் மரச்சில்லும் மண்ணாக மாற ஆள் வேண்டும். மரத்தைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னினை உடைக்கப் பெரும்பாலான நுண்ணுயிர்களால் முடியாது. முக்கியமாகச் சில வகைக் காளான்களுக்குத்தான் அந்த வல்லமை உண்டு. அவற்றின் வெள்ளை இழைகள் சில்லுக்குள் புகுந்து, அதை மெல்ல மெல்லக் கரைத்து, மண்புழு தின்னக்கூடிய பதத்துக்குக் கொண்டுவருகின்றன. நாம் பறித்துச் சமைப்பது அந்த இழைகள் தரும் காய்ப்பு மட்டும்தான். உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாமல் கீழே நடக்கிறது.

வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்வது வைன் காப் என்ற வகை. தொப்பி திராட்சைரச நிறத்தில் இருக்கும். கிழக்கு ஜேர்மனியில் 1969இல் இதைப் பயிரிடத் தொடங்கினார்கள். சீனாவில் நெல் அறுத்த வயலில், குளிர்காலத்தில், வைக்கோல் பரப்பி இதை வளர்க்கிறார்கள். வசந்தத்தின் ஈரத்திலும் இலையுதிர்காலக் குளிர்ச்சியிலும் முளைக்கும். கடும் வெயிலில் ஒதுங்கியிருக்கும். நம் பனியையும் சில்லுக்கு அடியில் தாங்கிக்கொள்ளும்.

செய்முறை எளிது. பாத்திகளுக்கு நடுவே நடக்கும் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுநாடாவை உரித்த காட்போட் மட்டைகளைப் பரப்பி நன்றாக நனையுங்கள். மேலே இரண்டு அங்குலம் மரச்சில்லு. அதன்மேல் காளான் வித்தை உதிர்த்துத் தூவி, இன்னும் இரண்டு அங்குலம் சில்லால் மூடித் தண்ணீர் விடுங்கள். மேப்பிள், ஓக் போன்ற மரங்களின் சில்லே நல்லது. மரம் வெட்டும் ஆட்களிடம் கேட்டால் பல வேளை இலவசமாகவே கொட்டிவிட்டுப் போவார்கள். கடையில் விற்கும் சாயம் போட்ட மல்ச் வேண்டாம். பழைய வேலிப் பலகை, மருந்தடித்த மரம், இவையும் வேண்டவே வேண்டாம். சாப்பிடப் போகிற பொருள் அல்லவா?

சில்லைக் கொத்தி மண்ணுக்குள் புதைக்காதீர்கள். புதைத்தால் அது உக்கும்போது செடிக்குரிய நைதரசனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை பெரிதாக இராது. ஒன்றிரண்டு ஆண்டில் பாதையில் கிடந்தது கறுத்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அதை வாரிப் பாத்தியில் போட்டுவிட்டுப் பாதையில் புதுச் சில்லு பரப்புங்கள். இதைவிட மலிவான பசளை எனக்குத் தெரியாது.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நாம் வித்துப் போட்ட இடத்தில் நாம் போடாத காளானும் முளைக்கும். மரச்சில்லில் வளரும் கலெரினா என்ற சிறிய பழுப்புக் காளான் உயிரைக் குடிக்கும். ஊரில் வைக்கோலில் பறித்த காளானை ஒத்த டெத் காப் என்ற நச்சுக் காளானை இளம் பருவத்தில் பறித்துச் சமைத்து, வட அமெரிக்காவுக்கு வந்த ஆசியக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2016இல் மூன்று வயதுக் குழந்தை ஒன்று டெத் காப் தின்று இறந்தது. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

வைன் காப்பின் தண்டில் தடித்த வளையம் இருக்கும். அதன் விளிம்பு பற்சக்கரத்தைப் போலப் பிளந்திருக்கும். தொப்பியின் அடிமடிப்புகள் முதலில் வெளிறி, பிறகு சாம்பல் கலந்த ஊதாவாகும். தொப்பியை மட்டும் வெட்டி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் கருமையான ஊதாத் தூள் படிந்திருக்க வேண்டும். துரு நிறம் என்றால் குப்பைக்குத்தான். இந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்தினாலும், முதல் அறுவடையைக் காளான் அறிந்த ஒருவருக்குக் காட்டிவிட்டுச் சட்டியில் போடுங்கள். சந்தேகம் துளி இருந்தாலும் வேண்டாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பாதையைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

இலைக்குவியலில் வளரும் ஊதா நிற புளூவிட் என்ற காளானும் நவம்பர் குளிரில் தலைகாட்டும். ஆனால் அதை ஒத்த வேறு ஊதாக் காளான்கள் இருப்பதால் புதிதாகத் தொடங்குவோருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

வைன் காப்பைத் தொப்பி முழுதாக விரியுமுன் பறியுங்கள். விட்டால் புழு முந்திவிடும். நன்றாக வேகவைக்க வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், கடைசியில் மிளகுத் தூள் போட்டு ஒரு பிரட்டல். முதல் முறை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

பனி கரைந்ததும், ஏப்ரலில், சில்லைச் சற்று விலக்கிப் பாருங்கள். வெள்ளை இழை ஓடி, சில்லுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் வித்துப் பிடித்துவிட்டது. படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். மே இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்